இன்சைடு ஜாப் பார்த்தேன்: வங்கிக்காரர்களை விடப் பேராசிரியர்கள்தான் உறுத்துகிறார்கள்

கடைசிபெஞ்ச்:

2011-ல் சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் வாங்கியபோதே பார்த்திருக்க வேண்டிய படம். நிதி நெருக்கடி, வரைபடம், கோட் போட்ட ஆட்கள், எப்படியும் தூக்கம் வரும் என்று ஒதுக்கி வைத்திருந்தேன். போன வாரம் உட்கார்ந்தவன் ஒரே மூச்சில் முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

சார்லஸ் ஃபெர்குசன் இயக்கம், மேட் டேமன் பின்னணிக் குரல். 2008-ல் அமெரிக்க நிதிச்சந்தை கவிழ்ந்த கதைதான். ஆனால் படம் தொடங்குவது ஐஸ்லாந்தில். 3,20,000 பேர் வாழும் தீவு. 2000-த்திலிருந்து கட்டுப்பாடுகளைத் தளர்த்தி, மூன்று பெரிய வங்கிகளையும் தனியாரிடம் கொடுக்கிறார்கள். ஐந்தே வருடத்தில் அவை வாங்கிய கடன் 12,000 கோடி டாலர், நாட்டின் பொருளாதாரத்தைப் போலப் பத்து மடங்கு. 2008 அக்டோபரில் மூன்றும் ஒரே வாரத்தில் படுத்துவிட்டன.

ஏன் ஐஸ்லாந்து என்று முதலில் புரியவில்லை. படத்தின் பின்பாதியில் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபிரெடரிக் மிஷ்கின் வரும்போதுதான் புரிந்தது. 2006-ல் ஐஸ்லாந்தின் நிதி நிலை உறுதியானது என்று அறிக்கை எழுதியவர்களில் ஒருவர். அதற்கு அந்நாட்டு வர்த்தக சபை அவருக்குக் கொடுத்தது 1,24,000 டாலர். கவிழ்ந்த பிறகு அவருடைய தன்விவரப் பட்டியலில் அந்த அறிக்கையின் தலைப்பு ‘ஐஸ்லாந்தின் நிதி நிலையின்மை’ என்று மாறியிருக்கிறது! கேட்டால் அச்சுப்பிழையாக இருக்கலாம் என்கிறார்.

அடுத்து கிளென் ஹப்பர்ட். புஷ் ஆட்சியில் பொருளாதார ஆலோசகர் குழுவின் தலைவர், பிறகு கொலம்பியா வணிகப் பள்ளியின் டீன். எந்தெந்த நிறுவனங்களிடம் பணம் வாங்குகிறீர்கள் என்று கேட்டதும் முகம் மாறுகிறது. இன்னும் மூன்று நிமிடம்தான், முடிந்ததைப் பார்த்துக்கொள் என்கிற தொனியில் மிரட்டுகிறார்.

லேமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கி 2008 செப்டம்பர் 15-ல் திவாலானதும், மறுநாளே ஏஐஜி என்ற காப்பீட்டு நிறுவனத்தைக் காப்பாற்ற 8,500 கோடி டாலர் ஒதுக்கியதும் ஏற்கெனவே படித்ததுதான். வங்கிக்காரன் லாபத்துக்கு அலைவதில் எனக்கு அதிர்ச்சி இல்லை, அவன் தொழில் அது. காவலுக்கு நின்றவன் யாரிடம் கூலி வாங்கினான் என்பதுதான் தூக்கத்தைக் கெடுத்தது. பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

இடிமுழக்கம்:

அந்த மிஷ்கின் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெட்டோட ஆளுநர்கள்ல ஒருத்தர். அந்தப் பதவியை விட்டுப் போனது எப்போ தெரியுமா? 2008 ஆகஸ்ட் கடைசி. லேமன் கவிழ ரெண்டே வாரம். ஏன்யா போனேன்னு படத்துல கேட்டா, பாடப்புத்தகம் திருத்தணுமாம். வீடு பத்தி எரியும்போது தண்ணி ஊத்த வேண்டியவர் பேனாவுக்கு மை ஊத்தப் போயிட்டாரு.

கணக்கன்:

மிஷ்கின் காட்சி நல்ல வேடிக்கை, மறுக்கவில்லை. ஆனால் அதுதான் இந்தப் படத்தோடு எனக்கிருக்கும் சிக்கலே. கடைசிபெஞ்ச் நண்பரே, ஒன்று கேட்கிறேன். அந்த ஐஸ்லாந்து அறிக்கை வராமல் போயிருந்தால் அமெரிக்காவில் ஒரே ஒரு வீட்டுக்கடனாவது குறைந்திருக்குமா?

ஃபெர்குசன் வழக்கறிஞர் மாதிரி படம் எடுத்திருக்கிறார். குற்றவாளிக் கூண்டில் ஆளை நிறுத்தி, வியர்க்கும் வரை கேமராவை நகர்த்தாமல் வைத்திருப்பது பார்க்க நன்றாக இருக்கும். நெருக்கடி எப்படி நடந்தது என்ற விளக்கம் அதில் அடிபட்டுப் போகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. ஜனங்களின் சேமிப்பை வைத்திருக்கும் வணிக வங்கியையும் பத்திரச் சந்தையில் புரளும் முதலீட்டு வங்கியையும் பிரித்து வைத்த 1933-ஆம் ஆண்டுச் சட்டத்தை 1999-ல் நீக்கியதைப் படம் பெரிய திருப்பமாகக் காட்டுகிறது. அதைப் பிடித்துக்கொண்டு இணையத்தில் பாதிப் பேர், அதனால்தான் எல்லாம் கவிழ்ந்தது என்கிறார்கள். முதலில் விழுந்தது யார்? பேர் ஸ்டேர்ன்ஸ், அப்புறம் லேமன். இரண்டுமே வெறும் முதலீட்டு வங்கிகள். பழைய சட்டம் அப்படியே இருந்திருந்தாலும் அவை செய்ததை அது தடுத்திருக்காது.

அவை உண்மையில் எதனால் செத்தன? இரவுக்கு இரவு புதுப்பிக்க வேண்டிய கடனில் ஓடிக்கொண்டிருந்தன. முப்பது வருடக் கடன்பத்திரத்தை அடமானம் வைத்து ஒரு நாள் கடன் வாங்குவார்கள், மறுநாள் காலை திரும்ப வாங்குவார்கள். ரெப்போ என்று பெயர். ஒரு நாள் காலையில் எதிராளி ‘இந்தப் பத்திரம் வேண்டாம்’ என்று சொல்லிவிட்டால் அன்று மாலையே கதை முடிந்தது. 2008 மார்ச்சில் பேர் ஸ்டேர்ன்ஸுக்கு நடந்தது இதுதான். அதை வாங்க வந்த ஜே.பி. மார்கன் வங்கி முதலில் பேசிய விலை பங்குக்கு 2 டாலர், பிறகு 10 ஆனது. செப்டம்பரில் இதுவே சந்தை முழுக்கப் பரவியது. ரிசர்வ் பிரைமரி ஃபண்ட் என்றொரு பணச்சந்தை நிதி. வங்கிச் சேமிப்பு மாதிரி பாதுகாப்பானது என்று நம்பி ஜனங்கள் பணம் போட்டு வைத்தது. அதனிடம் 78.5 கோடி டாலருக்கு லேமன் பத்திரம். 1 டாலர் பங்கு 97 சென்ட் ஆனது. மூன்றே சென்ட்தான் இறக்கம், அதற்கே நாடு முழுக்கப் பணத்தை எடுக்க ஓடினார்கள்.

இதையெல்லாம் படம் ஓரிரு வரியில் தாண்டிவிடுகிறது. பேராசிரியருக்கு வியர்த்ததற்கு மட்டும் பத்து நிமிடம்.

புதுவாசகி:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் படத்தைப் பாதி வரை பார்த்தேன். சிடிஓ என்று சொல்லிக்கொண்டே அம்புக்குறிகள் போடுகிறார்கள், அங்கேதான் என்னை விட்டுவிட்டார்கள். மோசமான கடனை மூட்டை கட்டினால் அது எப்படி நல்ல கடன் ஆகும்? கணக்கன் சார், கொஞ்சம் எளிமையாகச் சொல்ல முடியுமா?

கணக்கன்:

வாய்க்காலை வைத்துச் சொல்கிறேன்.

ஆயிரம் வீட்டுக்கடன்களைச் சேர்த்து ஓர் ஏரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத் தவணை வந்து சேர்வதுதான் தண்ணீர். அதை வாய்க்காலில் விட்டால் முதலில் பாய்வது தலைமடைக்கு. அங்கே நிரம்பிய பிறகு நடுமடை, மிச்சம் இருந்தால் கடைமடை. கொஞ்சம் பேர் தவணை கட்டாவிட்டால் காய்வது கடைமடைதான், தலைமடைக்கு ஒன்றும் ஆகாது. எனவே தலைமடைப் பத்திரத்துக்கு டிரிபிள் ஏ என்ற மிக உயர்ந்த தரச்சான்று, வட்டி குறைவு. கடைமடைக்கு வட்டி அதிகம், ஆபத்தும் அதிகம். இதுவரைக்கும் தப்பே இல்லை, ஏமாற்றும் இல்லை.

வினை அடுத்த படியில். நடுமடைக்குக் கீழே இருந்த நிலங்களை வாங்க ஆள் கிடைக்கவில்லை. என்ன செய்தார்கள்? நூறு ஏரிகளின் கீழ்மடை நிலங்களை மட்டும் பொறுக்கி எடுத்து, அவற்றைக் கொண்டு ஒரு புது வாய்க்கால் வெட்டினார்கள். அந்தப் புது வாய்க்காலுக்கும் ஒரு தலைமடை உண்டல்லவா? அதில் பெரும்பங்குக்கு மறுபடியும் டிரிபிள் ஏ! இதுதான் சிடிஓ.

சொல்லப்பட்ட நியாயம், நூறு ஏரியும் ஒரே நேரத்தில் வற்றாது என்பது. ஃபுளோரிடாவில் வீட்டு விலை இறங்கினாலும் கலிஃபோர்னியாவில் ஏறும், அமெரிக்கா முழுக்க ஒரே சமயத்தில் இறங்கியதாகச் சமீப காலச் சரித்திரம் இல்லை என்றார்கள். 2006-க்குப் பிறகு எல்லா இடத்திலும் சேர்ந்தே இறங்கியது. மழை பொய்த்தால் கடைமடைக்குள் தலைமடை என்ன, கடைமடை என்ன?

இந்தத் தரச்சான்று கொடுக்கும் மூடிஸ் நிறுவனம் 2006-ல் மட்டும் ஒவ்வொரு வேலை நாளும் சராசரியாக 30 வீட்டுக்கடன் பத்திரங்களுக்கு டிரிபிள் ஏ முத்திரை குத்தியிருக்கிறது. அந்த வருடம் முத்திரை வாங்கியவற்றில் 83 சதவீதம் பிற்பாடு தரம் இறக்கப்பட்டன. அமெரிக்க அரசு நியமித்த விசாரணைக் குழு 2011 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையில் உள்ள கணக்கு இது. முத்திரைக்குக் கட்டணம் கொடுத்தது யார் தெரியுமா? பத்திரத்தை விற்றவர்கள்.

இடிமுழக்கம்:

பரீட்சைத் தாள் திருத்துறவருக்குப் பையனே சம்பளம் கொடுத்தா சென்டம்தான். கேட்டா ‘அது எங்க கருத்து மட்டுமே’ன்னு பார்லிமென்ட்ல போய் சொன்னானுங்க பாருங்க, அந்த சீன்ல கைதட்டினேன்.

கடைசிபெஞ்ச்:

காங்கிரஸ் என்று சொல்லுங்கள் இடி, அமெரிக்காவில் அதுதான் பெயர். மற்றபடி அதே காட்சியில் நானும் சிரித்தேன்.

செங்கழுநீர்:

நீண்ட நாளாக இந்தப் பக்கம் எழுதவில்லை. தலைப்பைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை.

2005 கடைசியிலிருந்து ஒன்றரை வருடம் அமெரிக்க வீட்டுக்கடன் ஃபைல்களைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். இரவு ஷிப்ட். ஒரு ஃபைலுக்கு இத்தனை நிமிடம் என்று கணக்கு. விண்ணப்பத்தில் இருக்கும் எண்ணும் கணினியில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று பார்ப்பது மட்டும்தான் எங்கள் வேலை. எண் நியாயமா என்று பார்ப்பது எங்கள் வேலையில் வராது.

‘சொன்ன வருமானம்’ என்று ஒரு வகைக் கடன் உண்டு. சம்பளச் சீட்டு வேண்டாம், வரிப் படிவம் வேண்டாம், வாங்குபவர் வாயால் சொன்னால் போதும். ஒரு ஃபைல் இன்னும் நினைவிருக்கிறது. வேலை, சலவைக்கடையில் துணி மடிப்பது. மாத வருமானம் 8,500 டாலர். அந்த ஊர் சம்பளம் எதுவும் தெரியாத எனக்கே உதைத்தது. குறிப்புக் கட்டத்தில் கேள்விக்குறி ஒன்று போட்டு அனுப்பினேன். மேலதிகாரி கூப்பிட்டு, “எண் பொருந்துதா? பொருந்துது. அப்புறம் ஏம்மா கேள்விக்குறி?” என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. என்னால் அன்றைய கணக்கில் இரண்டு ஃபைல் குறைந்துவிடும் என்பதுதான் அவர் கவலை.

கணக்கன் சார், நீங்கள் சொல்லும் வாய்க்கால் சரிதான். ஆனால் ஏரியிலேயே தண்ணீர் இல்லை என்பது அந்த ஒவ்வொரு ஃபைலிலும் எழுதியிருந்தது. படத்தில் அந்த இடம் வந்தபோது எனக்குப் பேராசிரியர்கள் மேல் கோபம் வரவில்லை. புரோக்கருக்குக் கடனை முடித்த அன்றே கமிஷன், கடன் கொடுத்த நிறுவனம் மாதத்துக்குள் விற்றுவிடும், வாங்கிய வங்கி மூட்டை கட்டி வேறு யாருக்கோ தள்ளிவிடும். கடன் திரும்பி வருமா என்று கவலைப்பட வேண்டிய ஆள் அந்த வரிசையில் எங்குமே இல்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கடைசிபெஞ்ச்:

அக்கா, உங்கள் கேள்விக்குறிக்கு அந்த விசாரணை அறிக்கையிலேயே துணை இருக்கிறது. வங்கிகளுக்காகக் கடன்களைத் தணிக்கை செய்துகொடுத்த கிளேட்டன் ஹோல்டிங்ஸ் என்ற நிறுவனம் 2006 ஜனவரி முதல் 2007 ஜூன் வரை பார்த்த கடன்களில் 28 சதவீதம் விதிகளுக்குப் பொருந்தவில்லை. அப்படிப் பொருந்தாதவற்றில் 39 சதவீதத்தை வங்கிகள் ‘பரவாயில்லை’ என்று ஏற்றுக்கொண்டு மூட்டையில் போட்டிருக்கின்றன. பத்திரத்தை வாங்கியவர்களிடம் இதை யாரும் சொல்லவில்லை.

கணக்கன் சார், உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். ஐஸ்லாந்து அறிக்கை வராவிட்டால் அமெரிக்காவில் கடன் குறைந்திருக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேள்வி ஓர் அறிக்கையைப் பற்றியது மட்டுமா?

1998-ல் புரூக்ஸ்லி பார்ன் என்ற பெண்மணி, ஊகவணிக ஒப்பந்தங்களை மேற்பார்க்கும் அரசு ஆணையத்தின் தலைவர், கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் டெரிவேட்டிவ் வணிகத்தையும் (வேறொன்றின் விலையை வைத்துக் கட்டும் பந்தயம் மாதிரியான ஒப்பந்தங்கள்) கண்காணிக்க வேண்டாமா என்று கருத்துக் கேட்டு ஓர் அறிக்கை விட்டார். கருத்துக் கேட்டதற்கே ஃபெட் தலைவர் கிரீன்ஸ்பான், நிதியமைச்சர் ராபர்ட் ரூபின் எல்லாரும் சேர்ந்து எதிர்த்துக் கூட்டறிக்கை விட்டார்கள். நாலே மாதத்தில் எல்டிசிஎம் என்ற முதலீட்டு நிதி கவிழ்ந்து, 14 வங்கிகளும் நிதி நிறுவனங்களும் சேர்ந்து சுமார் 360 கோடி டாலர் போட்டுத் தூக்கி நிறுத்தின. அப்போதும் யாரும் அவர் சொன்னதைக் கேட்கவில்லை. 2000 டிசம்பரில் அந்த வணிகத்தைக் கட்டுப்படுத்தவே கூடாது என்கிற மாதிரி சட்டமே வந்தது. ஏஐஜி-யின் லண்டன் பிரிவு கையிருப்பு வைக்காமல், கடன் திரும்பாவிட்டால் ஈடுகட்டுவதாகச் சொல்லும் சிடிஎஸ் காப்பீட்டை விற்றுத் தள்ளியது அந்தத் திறந்த வாசல் வழியாகத்தான்.

2005 ஆகஸ்டில் ரகுராம் ராஜன். அப்போது பன்னாட்டு நிதியமான ஐஎம்எஃப்-இன் தலைமைப் பொருளாதார நிபுணர். கிரீன்ஸ்பான் ஓய்வு பெறும் முன் அவரைப் பாராட்ட அமெரிக்காவின் ஜாக்சன் ஹோலில் கூடிய மத்திய வங்கியாளர்கள் சபை. அங்கே போய், இந்த நிதி வளர்ச்சியெல்லாம் உலகத்தை ஆபத்தாக்கிவிட்டதா என்று கட்டுரை வாசிக்கிறார். வாதம் எளிமையானது. இந்த வருட லாபத்துக்கு இந்த வருடமே போனஸ், ஐந்து வருடம் கழித்து வரும் நஷ்டத்துக்குப் பிடித்தம் கிடையாது. அப்படியானால் எவனும் எப்போதாவது வெடிக்கும் குண்டாகப் பார்த்துத்தான் வாங்குவான். முன்னாள் அமெரிக்க நிதியமைச்சர் லாரி சம்மர்ஸ் எழுந்து, இந்தக் கட்டுரையின் அடிப்படையே தவறு என்கிறார்.

இந்த இரண்டு சண்டையிலும் எது அறிவு, எது பத்தாம்பசலித்தனம் என்று தீர்ப்புச் சொல்லும் இடத்தில் இருந்தது பொருளாதாரத் துறைதான். கண்காணிக்க வேண்டாம் என்று சொல்ல வங்கிக்காரனுக்கு மரியாதை போதாது. பேராசிரியருக்கு இருந்தது. 2004-ல் டெரிவேட்டிவ்களைப் புகழ்ந்து கோல்ட்மன் சாக்ஸ் முதலீட்டு வங்கியின் அன்றைய தலைமைப் பொருளாதார நிபுணரோடு கூட்டாகக் கட்டுரை எழுதியவர் இதே ஹப்பர்ட். மார்ட்டின் ஃபெல்ட்ஸ்டைன் ஹார்வர்டில் பாடம் நடத்திக்கொண்டே ஏஐஜி இயக்குநர் குழுவிலும் பல வருடம் இருந்தவர். படத்திலேயே வருகிறார். அந்தக் குழுவில் இருந்ததற்கு வருத்தமா என்று கேட்டால் துளியும் இல்லை என்கிறார்.

கணக்கன்:

பார்ன் விஷயத்தில் உங்கள் கட்சி. அங்கே வாதம் செய்ய ஒன்றும் இல்லை.

ஆனால் காசு வாங்கினார்கள், அதனால் அப்படிச் சொன்னார்கள் என்பது எனக்கு அவ்வளவு நேராகப் படவில்லை. கிரீன்ஸ்பானை எடுத்துக்கொள்ளுங்கள். சந்தை தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் என்று அவர் காசுக்காக இல்லாமல் மனமாரவே நம்பினார். 2008 அக்டோபரில் காங்கிரஸ் முன்னால் போய், என் கோட்பாட்டில் ஒரு பழுது இருந்தது என்று அவரே ஒப்புக்கொண்டார். காசுக்கு விலைபோனவனைப் பிடித்து மாற்றிவிடலாம். மனமார நம்புகிறவன் இன்னும் ஆபத்து. ஃபெர்குசனின் கேமராவுக்கு இவன் அகப்படமாட்டான், ஏனென்றால் இவனுக்கு வியர்க்காது.

சிட்டி குழுமத்தின் தலைவர் சக் பிரின்ஸ் 2007 ஜூலையில் சொன்னதையும் பாருங்கள். பாட்டு ஓடும் வரை எழுந்து ஆடித்தான் ஆக வேண்டும் என்றார். பாட்டு நிற்கும் என்று தெரியாமல் சொன்ன பேச்சு மாதிரியா இருக்கிறது? ஆடாமல் உட்கார்ந்தால் அந்தக் காலாண்டிலேயே வேலை போகும். செங்கழுநீர் அம்மாவின் மேலதிகாரி இரண்டு ஃபைலுக்குப் பயந்ததும் இதுவும் ஒரே பயம்தான், சம்பளம்தான் வேறு.

இன்னொன்று. 70,000 கோடி டாலர் மீட்பு நிதியை அப்படியே வாரி இறைத்த மாதிரி ஒரு பேச்சு இருக்கிறது. வங்கிகளில் போட்டது சுமார் 24,500 கோடி, திரும்பி வந்தது சுமார் 27,500 கோடி. ஏஐஜி-யிலும் அரசு 2012-ல் லாபத்தோடு வெளியேறியது. படம் 2010-லேயே முடிந்துவிட்டதால் அதைக் குற்றம் சொல்லவில்லை. இன்று பார்க்கிறவர்கள் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இடிமுழக்கம்:

வங்கி திருப்பிக் கொடுத்துச்சு, சரி. வீடு போனவனுக்கு யாரு திருப்பிக் கொடுத்தா? 2009 அக்டோபர்ல அங்க வேலையில்லாதவங்க 10 சதவீதம். மெரில் லிஞ்ச் முதலீட்டு வங்கியை முழுக வெச்ச அதோட தலைவர் ஸ்டான் ஓநீல் 16.1 கோடி டாலரோட வீட்டுக்குப் போனாரு. கோல்ட்மன் தான் வித்த பத்திரம் விழும்னு தானே பந்தயமும் கட்டினான். வழியில நின்னுடும்னு தெரிஞ்ச வண்டிய ஒருத்தன் தலையில கட்டிட்டு, எந்த மைல்கல்லுல நிக்கும்னு பந்தயம் கட்டுற மாதிரி. ஒருத்தனாவது உள்ள போனானா? ஒருத்தனும் இல்ல.

கணக்கன்:

ஒருவர் போனார் இடி, அவசரப்படாதீர்கள். கிரெடிட் சுவிஸ்ஸில் இருந்த உயரதிகாரி ஒருவருக்கு, பத்திரங்களின் மதிப்பை உயர்த்திக் காட்டியதற்காக 2013-ல் 30 மாதச் சிறை. கோல்ட்மன் 2010 ஜூலையில் 55 கோடி டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. உங்கள் கோபம் நியாயம்தான், பெரிய வங்கி அதிகாரிகளில் எண்ணிக்கை மட்டும் பூஜ்யம் இல்லை, ஒன்று.

இடிமுழக்கம்:

ஒண்ணு! சரி, திருத்திக்கிறேன். ஐஸ்லாந்துல காப்திங் வங்கித் தலைவருங்களையே உள்ள தள்ளினாங்க, 2015-ல அவங்க உச்ச நீதிமன்றமும் சரின்னு சொல்லிடுச்சு. குட்டித் தீவுக்கு இருந்த துணிச்சல்.

புதுவாசகி:

வாய்க்கால் விளக்கத்துக்குப் பிறகு மீதிப் படத்தையும் பார்த்து முடித்துவிட்டேன், நன்றி சார். இப்போது அம்புக்குறியெல்லாம் புரிகிறது.

கடைசிபெஞ்ச் அண்ணா, ஒரு சந்தேகம். படம் வந்த பிறகு பேராசிரியர்கள் விஷயத்தில் ஏதாவது மாறியதா?

செங்கழுநீர் அக்கா, உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குறி ஃபைல் என்ன ஆயிற்று?

கடைசிபெஞ்ச்:

கொஞ்சம் மாறியது. அமெரிக்கப் பொருளாதாரச் சங்கம் 2012 ஜனவரியில் ஒரு விதி கொண்டுவந்தது. அதன் இதழ்களில் எழுதுகிறவர், கட்டுரையோடு சம்பந்தப்பட்ட யாரிடமிருந்தாவது முந்தைய மூன்று வருடத்தில் 10,000 டாலரோ அதற்கு மேலோ வாங்கியிருந்தால் அதைச் சொல்ல வேண்டும். கொலம்பியாவும் தன் விதிகளை இறுக்கியது. வாங்காதே என்று எங்கும் இல்லை. வாங்கினால் சொல், அவ்வளவுதான்.

கணக்கன் சார், வியர்க்காதவனைப் பற்றி நீங்கள் சொன்னது இரண்டு நாளாக மண்டையில் ஓடுகிறது. அவனுக்கு இந்தப் படிவத்தில் நிரப்ப ஒன்றுமே இருக்காதே.

கணக்கன்:

அதுதான் என் வழக்கும். ரெப்போ பற்றித் தனி இழை ஒன்று தொடங்குகிறேன், இங்கேயே எழுதினால் இடி என்னை அடிப்பார்.

செங்கழுநீர்:

புதுவாசகிக்கு:

என்ன ஆயிற்று என்று எங்களுக்குத் தெரிய வழியே இல்லை, கண்ணம்மா. எங்கள் திரையில் பெயர்கூட வராது, கடன் எண் மட்டும்தான். கேள்விக்குறியை எடுத்துவிட்டு மறுபடி அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் பச்சை விழுந்தது.

2007 நடுவில் ஒரு திங்கட்கிழமை ஷிப்டுக்குப் போனால் வரிசையில் ஃபைலே இல்லை. கணினி பழுதென்று நினைத்து இரண்டு முறை அணைத்துப் போட்டோம். விடியும் வரை சும்மா உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். அந்த வாரக் கடைசியில் பிரிவையே மூடிவிட்டார்கள். கடன் கொடுத்த நிறுவனம் திவாலாகிவிட்டது என்பதைப் பத்திரிகையில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.